இட்லிப்பூவுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தோட்டப் பக்கத்தில், இட்லிப்பூச் செடியின் இலை வெளுக்கிறது என்று கேட்டிருந்தவருக்கு, தூரில் அன்னபேதி (இரும்புச் சத்துள்ள உப்பு) போடும்படி பதில் வந்திருந்தது. மூன்று வருடம் அதையே போட்டுப் பார்த்துப் பலன் காணாதவள் என்பதால் எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் ஆறு தொட்டிகளில் சிவப்பு இட்லிப்பூ இருக்கிறது. கார்த்திகை தோறும் குன்றக்குடி முருகனுக்கு அதில்தான் மாலை கட்டுவேன். கிணறு வற்றி, போர் போட்ட பிறகு கொழுந்தெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை. அடி இலை முதலில் பழுத்தால் தழைச்சத்துக் குறை. கொழுந்து இப்படி மஞ்சளித்தால் இரும்பு ஏறவில்லை. அதற்காக மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. நம் பக்கத்துச் செம்மண்ணுக்கு அந்த நிறமே இரும்பால் வந்ததுதான். போர்த் தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு ஊற்ற ஊற்றத் தொட்டியில் சேர்ந்து மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. அதன்பின் வேரால் இரும்பை எடுக்க முடியாது. போடுகிற அன்னபேதியும் சில நாளில் துருவாகிப் போகும். என் தொட்டி மண்ணைச் சோதிக்கக் கொடுத்தபோது பி.எச். (அமில, கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 8.2 என்று வந்தது. இட்லிப்பூ கேட்பது 5 முதல் 6 வரை.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அதையும் ஊற்றினேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உப்புப் போட்டு மென்மையாக்கிய தண்ணீரும் ஆகாது; சுண்ணாம்பு போன இடத்தில் சோடியம் வந்துவிடும். பழைய சுவரை ஒட்டியும் நடாதீர்கள், உதிர்ந்த சுண்ணாம்புக் காரை மண்ணில் கலந்திருக்கும்.

என் அப்பத்தா ஐப்பசி மழைக்கு வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்), கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்கு நேரே பித்தளை அண்டாவை வைப்பார்கள். மழைத் தண்ணீரில்தான் பருப்பு மலர வேகும் என்பார்கள். பருப்புக்கு ஆகாத கடினத் தண்ணீர் இந்தச் செடிக்கும் ஆகாது என்று எனக்கு உறைக்க இத்தனை வருடமாயிற்று. போன ஐப்பசியில், ஓட்டிலுள்ள தூசியும் எச்சமும் போக முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டு பெரிய டிரம்மில் பிடித்து, கொசு வராமல் வேட்டித் துணி கட்டி வைத்தேன். தொட்டி மண்ணையும் மாற்றினேன். தை பிறக்கும்போது கொழுந்து பச்சையாக வந்தது. கோடையில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கைகொடுத்தது, அதில் சுண்ணாம்பு கிடையாது. அவசரத்துக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலை மேல் தெளிக்கிறேன்.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். என் ஆறு தொட்டிக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர் போதும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தோட்டப் பக்கத்தில் இதை வெளியிட வேண்டுகிறேன். வீட்டைப் புதுப்பிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வளவுக் குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.