செயலாளரின் ஆண்டறிக்கை: ஆக்ஸ்ஃபோர்டு பயணமும் சந்தா பாக்கியும்

லண்டனில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர், துணைத்தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷ அறிக்கை நீளமாக இருந்தது என்று சிலர் சொன்னீர்கள். இதுவும் நீளமாகத்தான் இருக்கும். ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லாமல் விட்டால் வாட்ஸ்அப் குழுவில் பாதி பாதியாகப் பேசப்படுகிறது, அதைவிட இங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது நல்லது.

பொங்கல் விழா வழக்கம்போல் பள்ளி மண்டபத்தில் நடந்தது. தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைதோறும் நடக்கிறது, ஆசிரியைகளுக்கு நன்றி. விளையாட்டுப் போட்டி மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. மூத்தோர் தேநீர்ச் சந்திப்பு நடந்தது. தீபாவளி விருந்துக்கு நல்ல கூட்டம். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்து, மே மாதம் போன ஆக்ஸ்ஃபோர்டு பயணம். இதை முன்மொழிந்தது நான். அதனால் அதைப் பற்றி வந்த குறைகளுக்குப் பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

செயற்குழுவில் முதலில் பேசியது தீம் பார்க். ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டதும் பேச்சு அடங்கிவிட்டது. அப்போதுதான் ஆக்ஸ்ஃபோர்டைச் சொன்னேன். லண்டனிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, 1096ஆம் ஆண்டிலேயே அங்கே பாடம் சொல்லிக்கொடுத்ததற்குச் சான்று இருக்கிறது, ஆங்கிலம் பேசும் உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அதை சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே போனாலே பணம் கரையும் என்று ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை என்று காட்ட வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

தனிப் பேருந்து அமர்த்தவில்லை என்பது முதல் குறை. வாடகை கேட்டுப் பார்த்தோம், நம் கணக்குக்கு அது ஒத்துவராது. ஆக்ஸ்ஃபோர்டு டியூப் என்ற பேருந்து விக்டோரியாவில் கிளம்பி, மார்பிள் ஆர்ச், ஷெப்பர்ட்ஸ் புஷ் வழியாக வந்து ஹில்லிங்டனில் நிற்கிறது. நம்மில் பலருக்கு அது வீட்டு வாசல் மாதிரி. இரவு பகல் பாராமல் ஓடுகிறது, திரும்பி வரும்போது யாரும் கடிகாரத்தைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ரயில்தான் வேண்டும் என்றவர்களுக்கும் வழி சொல்லியிருந்தேன்: பாடிங்டனிலிருந்தும் மேரிலபோனிலிருந்தும் ரயில் உண்டு, நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் குரூப்சேவ் தள்ளுபடியில் மூன்றில் ஒரு பங்கு குறையும். காரில் வந்தால் ஊருக்குள் கொண்டுவராதீர்கள், வெளியே தார்ன்ஹில் மாதிரி பார்க் அண்டு ரைடில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள் என்றும் எழுதியிருந்தேன். அதைப் படிக்காமல் ஊருக்குள் ஓட்டி வந்து பார்க்கிங்குக்குச் செலவழித்துவிட்டு "சீப்பான பயணம்னு சொன்னீங்களே" என்று என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

பேருந்து நிற்கும் குளோஸ்டர் கிரீனிலிருந்து ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் நடந்து போகிற தூரம்தான். 1683இல் தொடங்கியது, அனுமதி இலவசம். உள்ளே போவதற்கு முன் படிக்கட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துத் திருமங்கை ஆழ்வாரின் கதையைச் சொன்னேன். கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் என்ற ஊரில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த பதினாறாம் நூற்றாண்டு வெண்கலத் திருமேனி. 1967இல் லண்டன் ஏலத்தில் இந்த அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1957இல் கோயிலில் எடுத்த படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணங்களில் இருந்தது வெளிவந்தபிறகுதான் அது அந்தக் கோயிலிலிருந்து போன சிலை என்ற விஷயம் புரிந்தது. திருப்பித் தரலாம் என்று 2024இல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஒரு பழைய புகைப்படம் பத்திரமாக இருந்ததால் இவ்வளவும் நடந்தது. நம் சங்கத்தின் பழைய ஆல்பங்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள்.

அங்கிருந்து வால்ட்டன் தெரு வழியாக செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இதைப் பற்றித்தான் பேச்சு வந்தது. "பிள்ளைகளைக் கல்லறைக்குக் கூட்டிப் போறதுக்கா சங்கம்?" என்று ஒருவர் குழுவில் எழுதினார். அவர் பயணத்துக்கு வரவில்லை. வந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

ஜி.யு. போப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, 1839இல் சென்னைக்கு வந்து, சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று வாழ்ந்து, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவர் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருக்கிறது என்று நாம் எல்லோரும் பள்ளியில் கேட்டிருக்கிறோம், மேடைகளிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தெருவிலிருந்து ஒடுங்கிய பாதையில் உள்ளே நடந்து, புல்லும் பழைய கற்களுமாக இருக்கிற அந்த இடத்தில் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னேன். ஒரு பெண் குழந்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். அந்த வாசகம் அதில் இல்லை. இருப்பது வேறு: தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் கல்லூரியின் மதகுரு. அதன் கீழே, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி அன்போடு வைத்த கல் இது என்று இருக்கிறது.

என்னைக் கேட்டால், நாம் கேட்டு வளர்ந்த வாசகத்தைவிட இது பெரியது. அவர் இறந்தது 1908. தந்தியும் கப்பல் தபாலும்தான் அப்போது. அந்தக் காலத்தில் தமிழர்கள், தங்களில் பெரும்பாலோர் கண்ணால் காணப்போகாத ஒரு ஊரில், தமிழுக்கு உழைத்த ஒருவருக்குக் கல் வைக்கப் பங்கு கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நம் எல்லோர் போனிலும் வங்கி ஆப் இருக்கிறது. இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சந்தா பற்றிப் பின்னால் வருகிறேன்.

இன்னொன்றையும் அங்கே சொன்னேன். ஒரு நாள் போப் பேலியல் கல்லூரி முற்றத்தில் அதன் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது, திருவாசகத்தை அச்சிட வேண்டும் என்று ஜோவெட் சொல்ல, அதை முடிக்கும்வரை நான் இருப்பேனா என்று இவர் தயங்கியிருக்கிறார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்றாராம் ஜோவெட். போப் முன்னுரையிலேயே இதை எழுதியிருக்கிறார். அந்த முன்னுரைக்குத் தேதி போட்டது அவருடைய எண்பதாவது பிறந்த நாளில். ஜோவெட் 1893இலேயே போய்விட்டார், புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவரும் இதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். இதைக் கேட்டதும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு குறள் சொன்னார்கள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மதியச் சாப்பாடு யுனிவர்சிட்டி பார்க்ஸ் புல்வெளியில். புளியோதரை, எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், எல்லாம் வீட்டில் கட்டியது. செய்துகொடுத்த அக்காமார்களுக்கு நன்றி. அதற்கு எதிரிலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அதன் உள்ளே புகுந்து பின்னால் போனால் பிட் ரிவர்ஸ், இரண்டும் இலவசம். டோடோ பறவையின் மிச்சத்தை விட்டுப் பிள்ளைகளை நகர்த்த முடியவில்லை. பிராட் தெருவில் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகமும் இலவசம். 1931இல் ஐன்ஸ்டைன் உரையாற்றும்போது எழுதிய கரும்பலகையை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதே தெரு முனையில் பழைய இந்திய நிறுவனக் கட்டடத்தின் உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக ஒரு யானை, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் இந்த ஊரில் 1936 முதல் பேராசிரியராக இருந்தார் என்றதும் பெற்றோர்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன்.

தேர்வுக் காலம் என்பதால் சில கல்லூரிகளுக்குள் விடவில்லை. அதற்குப் பதிலாகக் கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள் சட்டையில் பூ குத்திக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தோம். முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுவில் வருவனவற்றுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. சிவப்புப் பூ வைத்திருந்த பையனிடம் நம் பிள்ளைகள் போய் வாழ்த்துச் சொல்ல, அவன் நின்று கைகுலுக்கினான். இதற்கு எந்த டிக்கெட்டும் இல்லை.

கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு ஆளுக்கு 15 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். ஹாரி பாட்டர் சினிமாவில் வந்த படிக்கட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்றவர்கள் தங்கள் செலவில் போனார்கள், அது அவர்கள் விருப்பம். மற்றவர்கள் கல்லூரியை ஒட்டிய புல்வெளியில் ஆற்றங்கரை வரை நடந்தோம், அப்புறம் மாலை ஆறு மணிக்கு அதே கல்லூரிக்குள் இருக்கும் தேவாலயத்தில் பாடல் வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். வழிபாட்டுக்கு வருபவர்களிடம் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் இதை ஓசியில் சுற்றிப்பார்க்கும் வழியாக யாரும் நினைக்கக் கூடாது. முடியும்வரை அமைதியாக இருக்க வேண்டும், போனை வெளியே எடுக்கக் கூடாது. நம் பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். பெரியவர்களில் ஒருவர் மட்டும் எடுத்தார்.

ஆக, டிக்கெட் வாங்கிக் கல்லூரி பார்த்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவே இல்லை. இதைவிடச் சிக்கனமாக ஒரு பயணம் செய்ய முடியும் என்பவர்கள் அடுத்த வருஷம் முன்வந்து நடத்தலாம், நான் கூட நின்று வேலை செய்கிறேன்.

என் வருத்தம் வேறு. பெயர் கொடுத்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. காலை எட்டு மணிக்கு மேல் "சாரி அண்ணா, டியூஷன்" என்று ஒரு செய்தி, சிலரிடமிருந்து அதுவும் இல்லை. டிக்கெட்டுக்கு முன்பணம் சங்கம் கட்டியது. சாப்பாட்டுப் பொட்டலம் மீந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சியவருக்கு யார் பதில் சொல்வது? உடம்பு சரியில்லை என்றால் ஒரு வார்த்தை போதும், யாரும் மருத்துவச் சான்று கேட்கப் போவதில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு ஏறக்குறைய போன வருஷ அளவு, செலவு கொஞ்சம் கூடுதல், மண்டப வாடகையும் காப்பீடும் ஏறிவிட்டன, கையிருப்பு இருக்கிறது, ஆனால் நிம்மதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சந்தாவில் பெரும்பகுதி பாக்கி. இரண்டு வருஷமாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். பெயரைப் படிக்க வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்டால் சொல்வார்.

மண்டபம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தணிக்கையாளருக்கும், ஒலிபெருக்கி கொண்டுவரும் தம்பிக்கும், விழாக்கள் முடிந்ததும் நாற்காலி அடுக்கும் அந்த நாலைந்து பேருக்கும் நன்றி. அவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், எப்போதும் அவர்களேதான்.

அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் போகலாம் என்று ஒரு யோசனை. எனக்கு வேறு ஆசையும் உண்டு. போப்பின் கல்லை வருஷத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கும் வழக்கத்தை நம் சங்கம் தொடங்க வேண்டும். பேருந்துக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சங்கமே கொடுக்க வேண்டும், ஒரு பிள்ளையும் பணத்தால் விட்டுப்போகக் கூடாது. அதற்கு வேண்டியது பெரிய தொகை இல்லை, எல்லோரும் சந்தாவை நேரத்துக்குக் கட்டினால் அதிலேயே முடியும். இந்தப் பொறுப்பில் தொடர்வதா என்று என் வீட்டிலும் கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பாக்கி எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக இருக்கிறேன். வங்கியிலிருந்து சந்தா தானாகவே போய்ச் சேரும் ஸ்டாண்டிங் ஆர்டர் படிவம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். தேநீருக்கு முன்பாகவே நிரப்பிக் கொடுத்தால் பொருளாளர் அண்ணனுக்கு வசதி.

இப்படிக்கு,
செயலாளர்