அனுவின் கூறைப்புடவை விஷயமாக

பினாங்கு

அன்புள்ள சரோ,

நலம். முட்டிவலி மட்டும் விசுவாசமாகக் கூடவே இருக்கிறது. அனுவுக்கு மாப்பிள்ளை அமைந்ததை நீ சொல்லுமுன்பே மங்களம் அக்கா சொல்லிவிட்டார். அவரைப் பற்றித்தான் தெரியுமே!

கூறைப்புடவையை கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எடுக்கப் போகிறாயாம். கொஞ்சம் பொறு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் அய்யம்பேட்டையில், பெரியம்மா மகன் சண்முகம் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை உன்னிடம் கொட்டாமல் இருக்க முடியவில்லை.

அண்ணன் நெய்வது கோர்வைப் பட்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். ஒற்றை ஆளால் முடியாது, ஓரத்தில் கரை நாடாவைப் போட இன்னோர் ஆள் வேண்டும். முன்பு மகன் உட்கார்ந்தான். இப்போது அவன் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த இடத்தில் இப்போது அண்ணி. நாடாவுக்குள் வைக்கும் நூல்தார் சுற்றுகிறார், சமைக்கிறார், நாடா போடுகிறார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் புதுப் பாவைப் பழையதோடு பிணைப்பதும் அவர்தான். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிறார். ஆயிரக்கணக்கான இழை, சரோ! கூலி மட்டும் புடவைக்கு இவ்வளவு என்று ஒன்றே ஒன்று, அதுவும் அண்ணன் கையில். "உங்களுக்கு?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்கு மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் கீழே. நம் மலேசியக் கணக்கில் 300 வெள்ளிகூடத் தேறாது. ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் நின்றால் அதுவும் இல்லை. தறி நிற்கும், மளிகைக் கடன் நிற்காது.

பட்டும் ஜரிகையும் அண்ணனை நெய்யவைக்கும் முதலாளி கொடுப்பது. மகள் கல்யாணத்துக்கு அவரிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை அண்ணன் வேறு யாருக்கும் நெய்ய முடியாது. முதலாளியையும் முழுக்கத் திட்ட மனம் வரவில்லை. பெரிய கடைகள் சரக்கை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பணத்தை இழுத்தடிக்கின்றனவாம். கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களுக்குச் சேமிப்புத் திட்டமாவது உண்டு. அண்ணன் அதற்கு வெளியே நின்றுவிட்டார்.

இதில் விசைத்தறி வேறு. சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் சட்டம் போட்டார்கள், புடவையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறிப் புடவை காஞ்சிபுரம் என்ற பெயரோடு இங்கே வந்து இறங்கத்தான் செய்கிறது. உன் வெள்ளிவிழாப் புடவையை ஒருமுறை திருப்பிப் பார். கரையும் உடலும் சேருமிடம் கோர்வையில் வருவதுபோல் பல் பல்லாக இல்லையென்றால், நான் எதுவும் சொல்லவில்லை அம்மா!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனின் முன்பணத்தில் பாக்கி அதிகமில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அனுவின் புடவையை நேராக அவரிடம் சொல்லிவிடு. பட்டு, ஜரிகை வாங்கப் பாதிப் பணத்தை முன்னாலேயே அனுப்பு. அண்ணியின் வேலைக்குத் தனிக்கூலி, அது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். சௌகிட் பசாரில் மீனுக்குப் பேசுவதுபோல் பேரம் பேசாதே. உன் வாயை எனக்குத் தெரியும்.

ஒரு புடவையால் அவர்கள் வீட்டு நிலைமை மாறிவிடாது. அதனால்தான் நம் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தையும் இழுக்கப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஐந்தாறு புடவை நிச்சயமென்றால், மழைக்கு முன்பே நெய்து இருப்பு வைக்கலாம் என்கிறார் அண்ணன். பேபி சம்மதித்துவிட்டாள். கமலா வழக்கம்போல் "யோசிக்கிறேன்" என்கிறாள்.

கல்யாணம் தையில் என்றால் ஆடிக்குள் நிறம் தெரிய வேண்டும். அனுவிடம் கேட்டு எழுது. அரக்கில் பச்சைக் கரை அண்ணனுக்குக் கைவந்த கலை. லாவெண்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என்னிடம் பேசச் சொல். உன் வீட்டுக்காரரிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே, கால்குலேட்டரை எடுத்துவிடுவார்.

உன்
லெட்சுமி