விமான விலாவும் சைக்கிள் ட்யூபும்

தக்கலை

அன்புள்ள ஜஸ்டினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டிலேயே மரத்தில் கட்டும் பியட்டன்போல் விமானத்தின் இறக்கை விலாக்களை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் சட்டங்களை, ஒட்டத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடப் பொறாமையே முந்திக்கொண்டது. பசை காயும்வரை மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கியே காசு கரைகிறது என்கிறாய். ஃபோர்டு காரின் எஞ்சினைப் பூட்டி அந்த விமானத்தைப் பறக்கவிட்ட பெர்னார்ட் பியட்டன்போல் அப்படிச் செலவழித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைப் பசைதான் முடிவு செய்கிறது. ரெசார்சினால் பசையென்றால், மென்மரத்துக்கே சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு அழுத்தம் வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறையின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்கிறது. அதற்கு நல்ல இரும்புக் கிளாம்ப் இல்லாமல் தீராது. நீ வாங்கியிருக்கும் டி-88 எப்பாக்ஸிக்கோ, இரு முகங்களும் இடைவெளியின்றித் தொட்டு அசையாமல் இருந்தாலே போதும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டுபோகும்.

ஆகவே பழைய சைக்கிள் ட்யூபைத் தேடு. மார்த்தாண்டத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள், ஆஸ்திரேலியாவில் எப்படியோ! அதை நீளவாக்கில் ஓர் அங்குல அகலத்துக்குக் கிழித்து இழுத்துச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் அழுத்தத்தைக் கூட்டும். கிளாம்ப் உட்காராத வளைவுகளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ட்யூப் பசையில் ஒட்டாதிருக்க அடியில் பாலித்தீன் தாளைச் சுற்ற மறந்துவிடாதே. பிவிசி குழாயை வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் வெட்டிவிட்டாலும் விரித்து மாட்டும் கிளாம்ப் கிடைக்கும். வளையத்தை அகலமாக அறுத்தால் பிடியும் கூடும்.

விலாவின் மூட்டுகளில் வரும் சிறு ப்ளைவுட் துண்டுகளுக்கு இவை எதுவுமே வேண்டாம். துண்டின் மேல் பாலித்தீன், அதன்மேல் மெல்லிய மரக்கீற்று வைத்து, அதன் வழியே ஸ்டேப்ளர் பின்னை அடி. பசை இறுகியபின் கீற்றை நெம்பினால் பின்களும் அதோடு கிளம்பிவிடும். இறக்கையின் நெடுக ஓடும் முதன்மைச் சட்டமான நீண்ட ஸ்பாருக்கு, நம் ஆசாரிமார் கதவுச் சட்டத்தை இறுக்கும் எதிரெதிர் ஆப்பு முறையே சரி. ஆப்பை மெதுவாகத் தட்டு, விளிம்பு நெடுகப் பசை மணிமணியாகக் கசிந்ததும் நிறுத்திவிடு.

ஒவ்வொரு முறை கலக்கும் பசையிலும் அதே மரத்தின் கழிவுத் துண்டுகள் இரண்டை, வேலையில் இறுக்குவது போலவே இறுக்கி ஒட்டி, காய்ந்தபின் உடைத்துப் பார். மர நார் கிழிந்தால் தொடர்ந்து செய். பசைக்கோட்டில் வழுவழுப்பாகப் பிரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டிய எதையும் இறக்கையில் ஏற்றாதே. உடைத்த துண்டுகளின் படத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
தங்கராஜ்