டீச்சருக்காகக் கூடும் ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தொடக்கப்பள்ளியில் உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நம் டீச்சர் காலமானதைக் கேட்டு, அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி அஞ்சலி நடத்தியே ஆக வேண்டும் என்று நீ மெல்பர்னிலிருந்து போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். நடத்துகிறோம் அம்மா. ஆனால் நீ சொன்ன, சிங்கப்பூர் ஹோங் லிம் பூங்காவில் இல்லை, நம் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அந்தப் பூங்காவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2000 செப்டம்பரில், மக்கள் பொதுவில் பேசுவதற்கான ஸ்பீக்கர்ஸ் கார்னராகத் திறந்த இடம். குடிமக்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு அங்கே கூடலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கலந்துகொள்ள முடியும். ஓரமாக நின்று பார்ப்பதுகூடக் கலந்துகொண்டதாகவே கணக்காகலாம். ஊரிலிருந்து வந்து ஒர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அங்கே கையில் விளக்கோடு நின்றால் வில்லங்கம் அவனுக்குத்தான். டீச்சரின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தத் தொழிலாளர் தம்பிகளுக்கு வகுப்பு எடுப்பதிலேயே போயின என்று உனக்குத் தெரியும். அந்தத் தம்பிகள் வர முடியாத இடத்தில் நாம் மட்டும் கூடி நிற்க என் மனம் ஒப்பவில்லை.

நீ போன பிறகு அவருடைய வகுப்பும் மாறிவிட்டது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று தொடங்கியது, போகப் போகச் சம்பளச் சீட்டு வகுப்பாகவே ஆகிவிட்டது. முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று 2016 ஏப்ரலில் சட்டம் வந்தது அல்லவா? சீட்டு கைக்கு வந்தால் போதுமா, படிக்கத் தெரிய வேண்டாமா என்று டீச்சர் கேட்டார். அடிப்படைச் சம்பளம் எது, பிடித்தம் எதற்கு, ஓவர்டைமுக்கு 1.5 மடங்கு போட்டிருக்கிறார்களா என்று வரி வரியாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். வேலைக்கு ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் தினமும் ஒரு குட்டி நோட்டில் குறித்து வைக்கச் சொல்வார். அந்த நோட்டை மனிதவள அமைச்சில் காட்டி, தனக்கு வர வேண்டிய பணத்தை வாங்கிய தம்பி ஒருவர் இருக்கிறார், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

அவர்தான் எனக்கு போன் செய்தார். டீச்சரை மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோனது வேலை நாள். அவர்களில் ஒருவராலும் வர முடியவில்லை. லீவு கேட்டால், “சொந்தமா?” என்றுதான் முதல் கேள்வி வரும். என்ன பதில் சொல்வார்கள்? “அண்ணே, நாங்க முகம்கூடப் பாக்கல. எங்களுக்குன்னு ஒரு நாள் வெப்பீங்களா?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்தக் கூட்டம் முதலில் அவர்களுக்காகத்தான். பிறகுதான் நீயும் நானும்.

எந்த ஏற்பாட்டுக்கும் முன்பு டீச்சரின் மகனைப் போய்ப் பார்த்தேன். துக்கம் அவர்களுடையது. அவர்கள் வேண்டாம் என்றிருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், யாரிடமும் பணம் வசூலிக்க வேண்டாம், இந்த இரண்டைத்தான் கேட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த ஞாயிறு என்று வைத்திருக்கிறோம்.

கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. போலீசிடமும் எழுதிக் கேட்டிருக்கிறேன். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில், ஒரு நிகழ்வை நினைவுகூரக் கூடுவதும் பொதுக்கூட்டத்துக்குள் அடங்கும். நம் வீட்டு விஷயம்தானே என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருந்தால்தான் தம்பிகளும் பயமில்லாமல் வருவார்கள்.

நேரம் குறிப்பதற்குத்தான் நிறைய யோசித்தோம். இங்கே வருடம் முழுக்க 7 மணியை ஒட்டித்தானே இருட்டும்? அதே நேரம்தான் மூன்றாம் மாடி மலாய்க்காரப் பெரியம்மா, நம் மக்சிக்குக்கு மஃரிப் என்னும் அந்தி நேரத் தொழுகை. தொழுதுவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு வருகிறேன் என்றார். அதனால் 7.30. தொலைவில் துவாஸ், கிராஞ்சித் தொழிலாளர் விடுதிகளுக்குத் திரும்ப வேண்டியவர்கள் இருப்பதால் 8.30க்கு மேல் ஒரு நிமிடம்கூட இழுக்க விடமாட்டேன்.

மெழுகுவர்த்தி நம் வழக்கமா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத் தேக்கா கடைகளில் அகல் விளக்கு வாங்கி வருகிறோம். யாருக்கு எது மனதுக்கு உகந்ததோ அதை ஏற்றட்டும். எதையும் ஏற்றாமல் நிற்பவர்களும் நம்மவர்கள்தான். இரண்டு புளோக்குக்கும் நடுவே காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியுமே! அதனால் மெழுகுவர்த்திகளைக் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்து, மணல் பரப்பிய தட்டுகளில் வரிசையாக அடுக்கிவிடுவோம். மெழுகு தரையில் சொட்டினால் வழுக்கும், வயதானவர்கள் நடக்கிற இடம். பிள்ளைகள் கையில் பேட்டரி விளக்கு. பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர்.

மேடை கிடையாது. வகுப்புக்கு வந்த தம்பிகள்தான் முதலில் பேசுவார்கள், பேசப் பிடிக்காதவர்கள் சும்மா நிற்கலாம். துண்டு போர்த்துவது, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் வேண்டாம் என்று வசிப்போர் குழுவில் திட்டமாகச் சொல்லிவிட்டேன். கோப்பிக் கடை அங்கிள் காசு வாங்காமல் தேத்தண்ணி தருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் சாப்பிடும்படி சைவப் பொட்டலம் அம்மா பொறுப்பு.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முகம் தெரியும்படி யாரும் படம் எடுக்கக் கூடாது. கம்பெனிக்காரன் பார்த்தால் என்ன நினைப்பானோ என்ற பயம் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. டீச்சர் வகுப்பிலும் இதே கட்டுப்பாடு இருந்ததாம். அதனால்தான் நீ கேட்ட நேரலையும் வேண்டாம் என்கிறேன். வருத்தப்படாதே.

நீ பேசிப் பதிவு செய்து அனுப்பு. இரண்டு நிமிடம் போதும். தமிழில், நிதானமாகப் பேசு. ‘ழ’ வராமல் நீ மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டதையும், டீச்சரும் உன்னோடு மேசைக்கு அடியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததையும் சொல். அந்தத் தம்பிகளுக்கு அவரை அந்த வயதில் தெரியாது. வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் உன் தம்பி ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்துவிடுவான்.

அம்மா உன் தொடக்கப்பள்ளி நோட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையில் எழுதியது ஒன்றாவது கிடைத்தால் மேசையில் வைக்கலாம் என்று ஆசை. எந்தப் பெட்டியில் போட்டாய் என்று நினைவிருந்தால் இன்றைக்கே மெசேஜ் அனுப்பு.

அன்புடன்,
அப்பா