சலாலாவிலும் சாரல்

சீப், மஸ்கட், ஓமன்
30.8.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அப்பா, தங்கச்சி, பாப்பா, பாப்பாவின் அம்மா எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் ஆடி அமாவாசைக்கு முந்தியே வந்துவிட்டது. ஒரு மாசத்துக்கு மேல் பதில் போடாமல் இருந்தது தப்புதான். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன்ல ரெண்டு நிமிஷம் பேசுறான், எழுத மட்டும் கை வலிக்குதோ" என்று நீங்கள் சொன்னதைத் தங்கச்சி அப்படியே எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாள். அவளிடம் சொல்லுங்கள், வந்து பேசிக்கொள்கிறேன்.

மே மாசத்தில் இருந்து ஏசி ரிப்பேர் பார்க்கிற எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. இந்த ஊரில் ஏசி நின்றால் வீடே நின்ற மாதிரி. பகலில் 45 டிகிரி வரை போகும். மொட்டை மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி கொதித்துக் கிடக்கும். அதனால் கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் நிழலில் இருக்கிற அந்த ஹீட்டர் தண்ணீரைத்தான் "பச்சைத் தண்ணீர்" என்று குளிப்போம். வென்னீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வென்னீர். அப்பாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

ஜூலை கடைசியில் கம்பெனி வேலையாக ஒன்பது நாள் சலாலா போயிருந்தேன். போனில் சொல்லவில்லை, எழுதத்தான் வைத்திருந்தேன். இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர், ஓமனின் தென்கோடி. நிஸ்வா தாண்டினால் அப்புறம் மரம் கிடையாது, மேடு கிடையாது, சரளைக்கல் தரைதான். புளியங்குடிக்காரர்தான் வண்டி ஓட்டினார். ஹைமாவில் இறங்கி டீ குடித்தபோது காற்று அடுப்பு வாய் மாதிரி அடித்தது. தும்ரைத் வரைக்கும் அப்படியேதான். அதைத் தாண்டி மலை ஏறி மறுபக்கம் இறங்க ஆரம்பித்ததும் திடீரென்று எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஒரே மூட்டம். வைப்பரைப் போட்டார். கண்ணாடியை இறக்கினேன் அம்மா, முகத்தில் சாரல்!

நம்ம குத்தால சாரலேதான். பெருமழை இல்லை, தூறல். அளந்தால் அதிகம் தேறாது என்கிறார்கள். பனிமூட்டம் இலையில் பட்டுச் சொட்டுகிறதே, அதிலேயே பாதிக் காடு பிழைக்கிறதாம். மலை முழுக்கப் பச்சை, அதில் மாடு மேய்கிறது, ரோட்டுக்கு நடுவில் ஒட்டகம் நனைந்துகொண்டு நிற்கிறது. கீழே இறங்கினால் தென்னந்தோப்பு, வாழை, பப்பாளி. ரோட்டோரம் இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். நம்ம கதலி மாதிரிக் குட்டிப் பழம் தார் தாராகத் தொங்குகிறது. துபாயில் இருந்தும் சவுதியில் இருந்தும் அரபிக் குடும்பங்கள் காரில் வந்து, புல்லில் பாயை விரித்து, வேண்டுமென்றே நனைந்துகொண்டு சாப்பிடுகிறார்கள். அருவிக்கரையில் நம்ம ஆட்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்தச் சந்தோஷம்தான்.

இதைக் கரீஃப் என்கிறார்கள். நம்ம வேளாண்மை ஆபீசில் காரிப் பருவம் என்பார்களே, அதே சொல்தான். ஆரியங்காவு கணவாய் வழியாக நமக்கு வருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது. அந்த மாசங்களில் கரையோரக் கடல் தண்ணீர் குளிர்ந்து போகிறது, ஈரக்காற்று மலையில் முட்டி மேகமாகி நிற்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் சாரல், அந்தப் பக்கம் பாலைவனம். ஜூன் பின்பாதியில் ஆரம்பித்து செப்டம்பர் பின்பாதியில் முடியும். அப்போது கடல் பொங்குகிற பொங்கில் யாரும் குளிக்க முடியாது. முக்சைல் என்ற இடத்தில் பாறைத் துளை வழியாக அலை பீறிட்டு ஆள் உயரத்துக்கு மேல் அடிக்கிறது.

அன்று ராத்திரி மழைக்கு ஒதுங்கி ஒரு மலையாளி கடையில் கட்டஞ்சாயா குடித்தேன். தகரக் கூரையில் சொட்டுகிற சத்தம். ஈரமண் வாசம். புளியங்குடிக்காரர் ஏதோ கேட்டார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அதை விடுங்கள். பாப்பாவையும் அவள் அம்மாவையும் ஒரு மாசம் இங்கே கூட்டி வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பருவம் பார்க்க வேண்டும் அம்மா. பெரிய லீவு ஏப்ரல், மே. அப்போது மஸ்கட் வெயிலில் பச்சைப்பிள்ளையை வெளியே விட முடியாது. ஜூலை, ஆகஸ்டில் சலாலா நன்றாக இருக்கும், ஆனால் பள்ளிக்கூடம், அத்தோடு சீசன் என்று ரூம் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் போனால் மூட்டம் விலகி மலை பச்சையாக இருக்கும், கொஞ்ச நாளில் காய்ந்துவிடும். காலாண்டு லீவு பத்து நாளைக்கு அவ்வளவு தூரம் வந்து போக முடியுமா? டிசம்பரில் இங்கே நம்ம மார்கழி மாதிரி சுகமாக இருக்கும், இந்த வருஷம் அரையாண்டு லீவு ரம்ஜான் நோன்பில் விழுகிறது, பகலில் ஹோட்டல் எல்லாம் அடைப்பு. குளிர்காலத்தில் திடீர் மழை வந்தால் வாதியில், அதாவது காட்டாற்றில், வெள்ளம் வந்து காரையே உருட்டிவிடும். மார்ச்தான் சரியான மாசம், கடைசியில் நிஸ்வா பக்கத்துப் பச்சை மலையில் ரோஜா பூக்க ஆரம்பிக்கும், ஆனால் பரீட்சை.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மாசத்துக்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பாப்பாவின் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இங்கே பக்கத்து வீட்டு ஓமன்காரப் பெரியவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சௌக்கியம். மகன் வாங்கி மாட்டிய ஏசியைப் போடவே மாட்டார், அதை ரிப்பேர் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். படுக்கை மொட்டை மாடியில். வாலிப வயசில் பாய்மரக் கப்பலில் கள்ளிக்கோட்டை வரை போய் வந்தவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஹிந்தில் மழையா?" என்பார், ஹிந்த் என்றால் இந்தியா. போன வாரம் விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் தட்டினார். ஏசிதான் போச்சு என்று ஸ்க்ரூடிரைவரோடு போனால், மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தென்கிழக்கே கை காட்டுகிறார். தொடுவானத்தை ஒட்டி ஒரு பெரிய நட்சத்திரம். சுஹைல், சுஹைல் என்கிறார். அது தெரிந்துவிட்டால் இனி ராத்திரி குளிரும் என்பது இவர்கள் கணக்கு. பார்த்தால் நம்ம அகத்தியர் நட்சத்திரம், தாத்தா களத்துமேட்டில் காட்டியது. பெரியவருக்கு அகத்தியரை விளக்க என் அரபி போதவில்லை.

கடலின் சீற்றம் அடங்குகிற இந்தச் சமயத்தில்தான் அந்தக் காலத்தில் மலபாருக்குப் பாய் விரிப்பார்களாம். திரும்பி வரக் காற்று மாறும்வரை அங்கேயே காத்துக் கிடப்பார்களாம். இப்போது காற்று உங்கள் பக்கம்தான் போகிறது அம்மா. மாடியில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

சரி, வீட்டு விஷயம். இந்தத் தடவை டிராஃப்ட் கொஞ்சம் குறைச்சல். வேறு ஒன்றுமில்லை, சம்பளக் கணக்கு முடிவதில் கொஞ்சம் தாமதம், எல்லோருக்கும் அப்படித்தான். முதலில் அடகில் இருக்கிற செயினுக்கு வட்டி கட்டி மறுபடி அடகு வையுங்கள், முழுசாக மீட்க வேண்டாம். செங்கோட்டை அத்தை சொன்ன மாப்பிள்ளை வீட்டை அத்தான் நேரில் போய்ப் பார்த்துவரட்டும், பவுன் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம், தைக்குத் தள்ளுங்கள். கார் நெல் அறுவடை முடிந்ததும் தென்வயல் குத்தகைக்காரர் அடுத்த பிசான சாகுபடிக்கு முன்பணம் கேட்டு வருவார், அப்பா சட்டென்று தலையாட்டிவிட வேண்டாம். அடுப்படிக் கூரையில் உடைந்த ஓடு பதினொன்று என்று போன வருஷமே எண்ணி வைத்தேன். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்

பாப்பாவின் பாதத்தை ஒரு தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அடுத்த கடிதத்தில் அனுப்பச் சொல்லுங்கள். செருப்புக் கடையில் அளவு கேட்டான், போன வருஷத்து அளவுதான் என்னிடம் இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.