பால் கவர் கணக்கு

கண்ணு,

போன மாதம் போனில் சொன்னாயே, உங்கள் இங்கிலாந்தில் மார்கேட் என்கிற ஊரில் டேனியல் வெப் என்று ஒருத்தர் 2017 முழுக்கத் தன் வீட்டு பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்து எண்ணினால் 4,490 வந்தது என்று. அன்றைக்கே எனக்குக் கை பரபரத்துவிட்டது. வருஷம் முழுக்கச் சேர்க்க இங்கே இடமில்லை, அப்பாவும் விடமாட்டார், அதனால் 30 நாள் மட்டும். உன்னுடைய பழைய ரஃப் நோட்டில் கோடு போட்டு, எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, எண்ணி, அடுப்படித் தராசில் நிறுத்தும் பார்த்தாயிற்று.

முதல் நாளே சண்டை. பால் கவரின் மூலையை வெட்டும்போது ஒரு துணுக்கு தனியாக விழுமே, அதைத் தனியாக எண்ணுவதா, கவரோடு சேர்த்தியா? சேர்த்திதான் என்றார் அப்பா. சிங்க் சல்லடையைத் தூக்கிக் காட்டினேன், நாலு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே போனது எத்தனையோ. கவராவது பழைய பேப்பர் கடைக்குப் போகும், இது சாக்கடைக்குத்தான், அதனால் தனி வரி போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து துணுக்கு கவரிலேயே தொங்குகிற மாதிரி அப்பா வெட்டுகிறார். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மொத்தம் 318. கேரி பேக்தான் குவியும் என்று நினைத்தேன், ஒன்பதுதான். 2019 ஜனவரியில் தடை வந்ததிலிருந்து அப்பா மஞ்சப்பை இல்லாமல் படியிறங்குவதில்லை. ஆனால் அந்தத் தடையிலேயே பால், தயிர், எண்ணெய் கவருக்கெல்லாம் விலக்கு கொடுத்திருந்தார்கள், அதனால் பால் கவர் மட்டும் 60. நிறுத்தால் 200 கிராம்கூட இல்லை, பழைய பேப்பர் கடைக்காரரும் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். அவர் கையால்கூடத் தொடாதது பிஸ்கட், சிப்ஸ், மசாலா பாக்கெட்டுகளைத்தான், உள்ளே வெள்ளி மாதிரி மின்னுமே, அதுகள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்து உருக்குவது பெரும்பாடு, யாருக்கும் கட்டுப்படியாகாது. அது 97. ஷாம்பு சாஷே 22. கடலூர் சின்னி கிருஷ்ணன் அந்தக் காலத்தில் சாஷேயைக் கொண்டுவந்தது, பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று. பாட்டில் வாங்கக் காசிருந்தும் பாத்ரூமில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிற நமக்கு என்ன சாக்கு?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் வாரத்திலிருந்து கணக்கு கொஞ்சம் பொய்தான். நோட்டில் எழுத வேண்டுமே என்று கூச்சப்பட்டு, மிக்சர் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன். அப்பா கடை வாசலிலேயே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாரோ என்னவோ, அது நோட்டில் இல்லை.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மொத்த எடை 1 கிலோ 640 கிராம். அதில் 590 கிராம், நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எங்களுக்காக ஆன்லைனில் போட்ட ஐந்து பார்சல். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சரிதான். முட்டை முட்டையாக இருக்கிற அந்தக் கவர், அதன்மேல் கஜக்கணக்கில் டேப். சத்து மாவு டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு பை, பைக்குள் ஒரு ஸ்பூன், அந்த ஸ்பூனுக்கும் ஒரு கவர்! அம்மா அப்பா நன்றாகச் சாப்பிடட்டும் என்றுதான் அனுப்புகிறாய், தெரியாமலில்லை. காலிங் பெல் அடித்தால் அப்பா எனக்கு முன்னால் எழுந்து ஓடுகிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. தோன்றும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போடாமல் மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் போடு. சத்து மாவு மட்டும் வேண்டாம், கம்பும் கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வறுத்து ஆறவைத்திருக்கிறேன், நாளைக் காலையில் அப்பா தூக்குவாளியோடு மில்லுக்குப் போகிறார்.

அம்மா