'ரீஃபுக்கு ஏற்றது' என்று நீங்கள் அனுப்பியவை என் பவளங்களைத் தின்கின்றன: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் தளத்தில் 3 பெப்பர்மின்ட் இறால், ஒரு சாக்லேட் சிப் நட்சத்திர மீன், பாசி தின்ன 10 நத்தைகள் வாங்கினேன். மூன்றின் படத்துக்குக் கீழேயும் 'ரீஃப் தொட்டிக்கு ஏற்றது', அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் விடலாம் என்று பச்சை முத்திரை இருந்தது. அதை நம்பியது என் தப்பு, சரி, ஆனால் அதைப் போட்டது நீங்கள்.

முதலில் இறால். தொட்டியில் களை மாதிரிப் பரவும் ஐப்டேசியா என்ற கடற்சாமந்திகள் 4 தலைகாட்டியிருந்தன. அதைப் பிடுங்கினாலோ நசுக்கினாலோ ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்தே மறுபடி முளைக்கும் என்பதால்தான், அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறாலைத் தேடி வாங்கினேன். நீங்கள் அனுப்பியது கேமல் இறால். இரண்டும் சிவப்பு, இரண்டும் ஒரே அளவுதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழம்பவே முடியாது. பெப்பர்மின்ட் இறாலின் உடம்பு கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள். கேமலுக்கு அடர்ந்த சிவப்பின் நடுவே வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும், முதுகில் திமில், பெரிய உருண்டைக் கண்கள், எல்லாவற்றுக்கும் மேல் மூக்கு போல நீண்ட முள் கீல் வைத்த மாதிரி மேலும் கீழும் அசையும். பெப்பர்மின்டுக்கு அது அசையாது. பார்சல் வந்தது இரவு, பையிலேயே நன்றாகப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. ஆனால் பை கட்டும் உங்கள் ஆளுக்கு இதுதானே தொழில்?

ஒரு வாரத்தில் என் ஜோவாக்கள் (கூட்டமாக வளரும், பொத்தான் மாதிரிப் பவளங்கள்) விரியாமல் சுருங்கிக் கிடந்தன. விளக்கு, தண்ணீர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், இறாலை மட்டும் சந்தேகப்படவில்லை. அப்புறம் ஒரு நாள் நள்ளிரவில் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றி எட்டிப் பார்த்தால், மூன்றும் ஜோவாக் கூட்டத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து, சின்னக் கொடுக்கால் ஒவ்வொரு பாலிப்பாக, அதாவது கூட்டத்தின் ஒவ்வொரு குட்டி உயிராகக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், பந்தியில் உட்கார்ந்த மாதிரி. இரண்டு விரற்கடை தள்ளி ஒரு ஐப்டேசியா நிம்மதியாக விரிந்திருந்தது, அதை எதுவும் சீண்டவில்லை.

நட்சத்திர மீன் கதை இன்னும் மோசம். இதில் ஆள் மாறாட்டம்கூட இல்லை, கேட்டதைத்தான் அனுப்பினீர்கள். சாக்லேட் சிப் நட்சத்திர மீன் வயிற்றை வெளியே தள்ளி இரையின் மேல் போர்த்தி அங்கேயே கரைத்துக் குடிக்கிற ஜந்து, மென்பவளம், பஞ்சுயிரி, நகராத எதுவும் அதற்குச் சாப்பாடு. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு அழகான பிராணி, மறுக்கவில்லை. ரீஃபில் விடலாம் என்று எந்த அனுபவசாலியும் சொல்லமாட்டார். லெதர் என்ற என் மென்பவளத்தின் மேல் ஒரு ராத்திரி படுத்திருந்தது, காலையில் அது நகர்ந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெளுத்துப்போன வழுக்கைத் திட்டு. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதையாகிவிட்டது.

நத்தைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 10-இல் 6 மார்கரிட்டா வகை. அவை குளிர்ந்த கடலில் வாழ்பவை, 25 டிகிரித் தண்ணீரில் மெல்ல மெல்லச் சாகும். 4 ஏற்கெனவே போய்விட்டன.

இதையெல்லாம் எழுதியதற்கு நீங்கள் அனுப்பிய ஒரே பதில் 'தண்ணீரைப் பரிசோதியுங்கள்' என்பது. பரிசோதித்தேன், எல்லாம் சரியாகவே இருக்கிறது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 5 பிபிஎம், உப்பளவு (ஒப்படர்த்தியில்) 1.025, இறாலுக்கு விஷமான காப்பர் மருந்து இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. தண்ணீர் கெட்டிருந்தால் இறால்கள்தானே முதலில் வாடும்? உங்கள் இறால்கள் மூன்றும் என் ஜோவாவைத் தின்று கொழுத்துப்போய் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் ஆர்டர் சம்பந்தப்பட்டது இல்லை. உங்கள் தளத்தில் நீல லிங்கியா நட்சத்திர மீன் பக்கத்துக்குக் கீழே 'இதையும் சேர்த்து வாங்குங்கள்' என்று ஹார்லிகுவின் இறாலைக் காட்டுகிறீர்கள். ஹார்லிகுவினின் சாப்பாடே நட்சத்திர மீன்தான், ஜோடியாகச் சேர்ந்து புரட்டிப்போட்டுக் காலில் இருந்து தின்ன ஆரம்பிக்கும். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, வாங்கினவரை நினைத்து அப்புறம் வரவில்லை. ஏற்றது, ஏற்காதது என்று ஒற்றை முத்திரை போடுவதே தப்பு. எதோடு சேர்ந்தால் ஏற்றது என்பதுதான் கேள்வி. ட்ரிகர் மீனோ பஃபர் மீனோ இருக்கும் தொட்டியில் எந்த இறாலும் நண்டும் நத்தையும் தங்காது, பவளமே இல்லாத தொட்டியில் என் சாக்லேட் சிப் சந்தோஷமாக இருக்கும். ஆர்டர் போடும்போது 'தொட்டியில் வேறு என்ன இருக்கிறது' என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது.

எனக்கு வேண்டியது இதுதான். இறால், நட்சத்திர மீன், நத்தை மூன்றுக்கும் கொடுத்த முழுப் பணம் திரும்ப வேண்டும், கூப்பன் வேண்டாம். கேமல் இறால்களையும் நட்சத்திர மீனையும் உயிரோடு, உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றின் மேல் ஒரு தப்பும் இல்லை, தங்கள் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டன. சாக்லேட் சிப் பக்கத்தில் இருக்கும் பச்சை முத்திரையை இந்த வாரமே எடுங்கள். ஜோவாவுக்கும் லெதருக்கும் நஷ்டஈடு கேட்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன்.

இறால்கள் இப்போது சம்ப்பில் (பிரதான தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டி), நட்சத்திர மீன் ஹீட்டரும் ஏர் ஸ்டோனும் போட்ட ஒரு பெரிய வாளியில். வாளியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன், ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது. எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று தேதி சொல்லுங்கள். படங்கள் 7 இணைத்திருக்கிறேன், கடைசிப் படத்தில் இருப்பவை ஐப்டேசியாக்கள். இப்போது 11.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்